கொங்கு நாட்டில் அறிவியல் கல்விச் சீர்திருத்தம்

கொங்கு நாட்டுப் பள்ளிகளில் அறிவியலை மனப்பாடப் பாடமாக இல்லாமல் செய்து பார்த்துச் சிந்திக்கும் பாடமாக்க 1930-களிலிருந்து நடந்துவரும் முயற்சிகள் இத்தலைப்பில் அடங்கும். இவற்றுள் வேர் ஆழமானது பெரியநாயக்கன்பாளையத்தில் நடந்ததே.

தி. சு. அவிநாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயத்துக்கு 1934-இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். 1937-இல் வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டம் உருவானதும் அதற்குத் தமிழகத்தில் கிடைத்த உறுதியான களங்களில் ஒன்றாக வித்யாலயம் ஆனது. தக்ளியில் நூற்ற நூலை அளந்து எடைபோட்டுக் கணக்கு வரும். எருக்குழி போட்டுப் பாத்தி கட்டினால் மண்ணும் பயிரும் பாடமாகும். கைவேலை முதலில், விளக்கம் பிறகு என்பதே இம்முறையின் ஒழுங்கு. அவிநாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரப் பள்ளிகளை ஊக்குவித்தார். தமிழ்க் கலைக்களஞ்சியப் பணியும் அவர் முயற்சியால் தொடங்கியதே. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்.

இதே காலத்தில் கண்டுபிடிப்பாளர் ஜி. டி. நாயுடு வேறு திசையிலிருந்து ஏட்டுக் கல்வியைத் தாக்கினார். கோவையில் 1945-இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பொருளுதவி செய்த அவர், நான்காண்டுப் பொறியியல் படிப்பை இரண்டே ஆண்டில் முடிக்கலாம் என்றார். அரசு ஏற்காததால் விலகிக்கொண்டார். பட்டறையில் நின்று கற்றவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

1952–53-இல் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, தேர்வே பாடத்தை ஆள்கிறது என்று கண்டித்தது. ஆனால் 1953-இல் முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கும் அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டது. மறு ஆண்டில் கொங்கு நாட்டவரான கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் அதைக் கைவிட்டார். அதன்பின் கைத்தொழில் வழிக் கல்வி என்றாலே ஐயம் எழுந்தது. ஆதாரக் கல்வி தமிழகத்தில் தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

காங்கேயம் வட்டாரம் செய்து பார்த்துக் கற்கும் கல்விக்கு வாய்ப்பான நிலம். ஊருக்கு அருகிலுள்ள சிவன்மலையின் நெஃபிலின் சயனைட் பாறைகளை நிலவியலாளர் டி. எச். ஹாலந்து 1901-இலேயே விரிவாக எழுதினார். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் நிற்கும் கொரங்காடு, காங்கேயம் மாடுகளின் மேய்ச்சல் காடு. சூழலியல் பாடம் முழுவதையும் அங்கே நடத்தலாம். களத்தில் காயும் தேங்காய்ப் பருப்புக்குக் கந்தகப் புகை போடுவதும், ஆலையில் நெல் அவிப்பதும் வேதியியலே. பள்ளி ஆய்வகத்திலோ புவியீர்ப்பு முடுக்கம் காணும் ஊசல் சோதனைக்கு விடை 980 என்று முன்பே தெரியும்; அளவீடுகளை அதற்கேற்பப் பின்னாலிருந்து எழுதி ரெக்கார்டு நோட்டை முடிப்பார்கள்.

மனப்பாடத்தின் உச்சமும் கொங்கு நாட்டிலேயே எட்டப்பட்டது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு ஓட்டினர். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வரும் என்று வினாத்தாள் புளூபிரிண்ட் சொல்லிவிட்டது. மிச்சத்தைப் பாட இறுதியில் அச்சிட்ட புக் பேக் கேள்விகள் பார்த்துக்கொண்டன. ஊரார் இவற்றைக் கோழிப்பண்ணைப் பள்ளிகள் என்றனர். பெயர் கடுமையானது, பொருத்தமானதும்கூட.

அரசுப் பள்ளிகளில் 2007–08-இல் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுதும் பரவியது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது: பாடத்தைப் படித்தல், புதிய சொல் அறிதல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், கலந்துரையாடல் எனப் படிகள் வகுக்கப்பட்டன. மனவரைபடமும் பாடநூல் பக்கத்திலிருந்தே பிறந்ததால் சோதனைக்கு அதில் தனி இடமில்லை.

2017-இல் பள்ளிக் கல்விச் செயலர் த. உதயச்சந்திரன் காலத்தில் தேர்விலேயே கைவைக்கப்பட்டது. தரவரிசை அறிவிப்பு நின்றது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. மு. அனந்தகிருஷ்ணன் தலைமைக் குழுவின் வழிகாட்டலில் எழுதப்பட்ட புதிய பாடநூல்கள் 2018 முதல் வந்தன. பாடத்தின் உள்ளிருந்தும் கேள்விகள் வந்தன. அதே 2017-இல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் தமிழகத்துக்கும் கட்டாயமானது.

2022 நவம்பரில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் செய்முறைகளுக்கான வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது.