பிரிச்சுப் பாக்கிற வண்டி

போன மாசம் ஊத்துக்குளி ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "சார், இந்தப் பாயிண்ட்டக் கழட்டி வீசிட்டு எலக்ட்ரானிக் மாட்டிக்கங்க. ஞாயித்துக்கிழமையானா இதோட எதுக்கு மல்லுக்கட்டறீங்க?"

வண்டி 1994 மாடல் புல்லட் 350. அப்பா வாங்கியது. அவர் போன பிறகு மண்ணரை வீட்டு போர்டிகோவில் என் பொறுப்புக்கு வந்தது. மாட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கப் போய், வீட்டில் வண்டியைப் பிரித்து மாட்டும் பழக்கம் நம்ம பக்கத்தில் எங்கே ஆரம்பித்தது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. ஊருக்கு வந்த வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. கோயம்புத்தூரில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த ரட்ஜ் வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வாங்கியதும் செய்த முதல் வேலை, அதைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி பூட்டியது!

பின்னாடி அவர் திருப்பூரில் பஞ்சு அரவை ஆலை நடத்தினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி பஸ் ஓட்டினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார். பள்ளிப்படிப்பு சொற்பம். மெஷின் பாடம் அந்த ரட்ஜிலிருந்துதான் தொடங்கியது.

இதில் நாயுடுவின் மூளைக்குப் பாதிப் பங்கு என்றால், வண்டிக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து ரட்ஜ் எதையும் ஒளித்து வைக்காது. வால்வு ஸ்பிரிங் வெளியே தெரியும். பின்சக்கரத்தைச் சுற்றுவது பெல்ட். ஒரு பாகம் அசைந்தால் அடுத்தது ஏன் அசைகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். வழியில் நின்றால் ஓட்டுகிறவர்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அன்றைய கம்பெனிகளுக்கும் தெரியும். அதற்குத் தகுந்த மாதிரிதான் வண்டியும் இருந்தது.

அந்தப் பழைய குணத்தை நம்ம தலைமுறை வரைக்கும் கொண்டுவந்தது புல்லட். அதன் தாயூர் இங்கிலாந்தின் ரெட்டிச். திருப்பூர்க்காரர்களுக்கு இது பிடிக்கும்: ரெட்டிச் ஊசிக்குப் பேர்போன ஊர், ராயல் என்ஃபீல்டின் வேரும் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவரின் ஊசிப் பட்டறைதான். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி கெட்டால் துணி நெடுகக் கோடு விழும், பிட்டர் ஊசியை மாற்றுவார். அதே மாதிரி ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் கழட்டி மாற்றும் வண்டிதான் புல்லட்டும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை போட்டார்கள். 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோனது. இங்கே நிற்கவில்லை. லைசென்ஸ் காலத்தில் போட்டியும் குறைவு, மாற்ற வேண்டிய அவசரமும் குறைவு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, தனி கியர்பாக்ஸ் என்று பல பத்தாண்டுகள் அதே அமைப்பு. இதைப் பின்தங்கல் என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் அப்பா கற்றுக்கொண்டது எனக்கும் அப்படியே உதவியதற்கு இந்தப் பின்தங்கல்தான் காரணம். மென்பொருள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஐம்பது வருஷம் மாறாத ஏபிஐ.

அப்பா கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். டேப்பட்டை என்ஜின் ஆறியபிறகுதான் பார்க்கணும்: புஷ் ராடு விரலில் சுற்றணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் விசிட்டிங் கார்டு. தூரப் பயணத்துக்கு ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிளக், ஒரு கண்டென்சர் கூடவே இருக்கணும்.

அந்தக் கண்டென்சரின் மதிப்பு வால்பாறை மலையில் தெரிந்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறியதும் வண்டி நின்றது. ஆறினால் ஸ்டார்ட் ஆகும், சூடானால் நிற்கும். பாயிண்ட்டில் பொறி பறந்தது. கண்டென்சர் போய்விட்டது! டூல் பாக்ஸில் அப்பா துணியில் சுற்றி வைத்திருந்ததே கிடந்தது. மாட்டினேன், ஏறிவிட்டேன். அவர் கைபட்ட பொருள் என்பதால் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

2009-ல் வந்த கிளாசிக்கில் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் இருந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது கார்புரேட்டரும் போனது. குறை சொல்லவில்லை. புகை குறைவு, தொல்லையும் குறைவு. புது வண்டியில் நிம்மதியாக லடாக் போகலாம். ஆனால் கலங்கல் பையன் ஒருவன் இன்று அதைப் பிரித்தால் கடைசியில் மூடிய ஒரு கறுப்புப் பெட்டிதான் மிஞ்சும். உள்ளே இருப்பதைப் பார்க்க ஸ்பேனர் போதாது, கம்பெனி அனுமதிக்கும் கருவி வேண்டும்.

கடைசியில் அண்ணன் சொன்னதைக் கேட்டேன். எலக்ட்ரானிக் மாட்டியாச்சு, ஐடிலிங் சீராக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பழைய பாயிண்ட் தட்டைத் தூக்கிப் போடவில்லை. கண்டென்சரோடு சேர்த்து அதே துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். போன ஞாயிறு பையனைக் கூப்பிட்டு, எலக்ட்ரானிக்கைக் கழட்டி பாயிண்ட்டை மாட்டச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ரெண்டு தடவை தப்பாக மாட்டினான். மூன்றாவது தடவை உதைத்ததும் ஸ்டார்ட் ஆயிருச்சு.