மதுரைக்கு வந்த கடல்வழி: இப்னு பதூதாவின் சாட்சியம்

கி.பி. 1335ஆம் ஆண்டளவில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியின் ஆட்சியிலிருந்து விலகி, மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஓர் அரசை நிறுவினார். நாற்பதாண்டுகளைச் சற்றே கடந்து அவ்வரசு மறைந்தது. அதனைப் பெருமையாக மட்டும் பேசுவோரும் நம்மிடையே உண்டு. பழியாக மட்டும் நம்மீது சுமத்துவோரும் உண்டு. ஆனால் அக்காலத்தைக் கண்ணால் கண்டு பதிந்த முஸ்லிம் ஒருவரின் சாட்சியம் நமக்குக் கிடைத்துள்ளது. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்களே அவர். அவர் மதுரைக்கு வந்த வழியும், இங்கே கண்டதும் நம் பிள்ளைகள் அறியவேண்டியவை.

1325இல் ஹஜ்ஜை நாடித் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட அவர், தில்லியில் காழியாகப் பணியாற்றினார். அங்கே அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தார். பின்னர் மாலத்தீவில் காழியாக இருந்து, 1344ஆம் ஆண்டளவில் இலங்கையின் புத்தளத்தை அடைந்தார். யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி அப்போது அங்கிருந்தார். அவர் முஸ்லிம் அல்லர்; எனினும் விருந்தினரைக் கண்ணியப்படுத்தி, பாவா ஆதம் மலைக்குச் சென்றுவர எல்லா உதவிகளும் செய்து, முத்துகளும் அளித்தார். மலையைத் தரிசித்துத் திரும்பியபின், இப்னு பதூதா தம் தோழர்களுடன் மஅபர் நோக்கிக் கப்பலேறினார். மஅபர் என்பது தமிழகக் கடற்கரைக்கு அரபிகள் வழங்கிய பெயராகும்.

இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட கடல் குறுகியது, ஆயினும் எளியதன்று. ஆழம் குறைவு, மணல்திட்டுகளும் பாறைகளும் மிகுதி. இன்றும் பெரிய கப்பல்கள் இவ்வழியே வாராமல் இலங்கையைச் சுற்றியே செல்கின்றன. அன்றைய இந்தியக் கப்பல்கள் பல, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் சிதறும். கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும் என்று காரணத்தையும் இப்னு பதூதா எழுதுகிறார்.

கரையை நெருங்கும் வேளையில் காற்று கடுமையாயிற்று. வழியறிந்த மாலுமி கப்பலில் இல்லை. பாறைகளுக்கு அருகே சென்று தப்பிய கப்பல், பின்னர் ஆழமற்ற நீரில் சிக்கியது. பொருள்களைக் கடலில் எறிந்தனர். பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றனர். கரையோ இரண்டு ஃபர்ஸக் தொலைவில், அதாவது பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. மாலுமிகள் மரத்தால் ஒரு தெப்பம் கட்டினர். இப்னு பதூதா அதில் இறங்க முற்பட்டபோது, எங்களை விட்டுச் செல்கிறீரா என்று தோழர்கள் கேட்டனர். அவர் தம்மைப் பின்னிறுத்தி, தோழர் இருவரையும் அடிமைப் பெண் ஒருத்தியையும் அனுப்பினார். மற்றொருத்தி, தெப்பத்தின் கயிற்றைப் பற்றியபடி நீந்திச் சென்றாள். அவர்கள் கரைசேர்ந்தனர். அவரோ நீர் நிறைந்த கப்பலின் பின்தளத்தில் இரவெல்லாம் கிடந்தார். தன்னைவிடப் பிறரை முற்படுத்தும் ‘ஈஸார்’ எனும் பண்பை நாம் மதரஸாவில் போதிக்கிறோம். கடலின் நடுவே அது நடைமுறையாக நின்ற இடம் இது.

பொழுது புலர்ந்ததும் படகில் வந்து அவர்களைக் காத்தவர்கள் யார்? இக்கரையின் முஸ்லிமல்லாத மக்கள். தாங்கள் சுல்தானுக்கு வேண்டியவர்கள் என்று பயணிகள் கூறவே, அம்மக்கள் சுல்தானுக்குச் செய்தி அனுப்பினர். மூன்று நாள்கள் மீனும், இனிப்புச் செய்ய உதவும் ஒரு மரத்தின் கனியும் அளித்து உபசரித்தனர். அக்கனியைப் பற்றிய வருணனை நம் பனைக்கே பொருந்துகிறது. பின்னர் சுல்தானின் ஆட்கள் குதிரைகளோடும் பல்லக்கோடும் வந்து அழைத்துச் சென்றனர்.

அன்றைய சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் அஹ்ஸன் ஷாவின் மருமகனே. ஆதலால் இருவரும் சகலைகள். விருந்தளித்தவர், உறவினர், முஸ்லிம் அரசர் என மூன்று பிணைப்புகள் இருந்தன. ஆயினும் அவர் போர்க்கைதிகளின் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இப்னு பதூதா மறைக்கவில்லை. உணவுவேளையில் ஒருவனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் வெட்டப்பட்டபோது தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை எழுதுகிறார். வேறெந்த அரசரிடமும் தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அவர் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்புரைக்கிறார். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ உங்கள் உறவினர்க்கோ எதிராயினும் சரியே என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் போதனை. அதன்படி நின்ற காழியின் எழுத்து இது.

அகன்ற வீதிகளையுடைய பெருநகரமென மதுரையைப் போற்றும் அவர், அங்கே கொள்ளைநோய் பரவியிருந்ததையும் பதிந்துள்ளார். தமக்கும் கடுங்காய்ச்சல் கண்டபோது, இங்கே மிகுதியாய்க் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் அருளால் நலம்பெற்றார். பின்னர் பத்தன் எனும் துறைமுகத்தில் யமனுக்குப் புறப்பட்ட எட்டுக் கப்பல்களைக் கண்டு, அவற்றுள் ஒன்றில் ஏறினார். வழியில் நான்கு போர்க்கப்பல்கள் தாக்கிவிட்டு விலகிச் சென்றன. அவர் கொல்லத்தை அடைந்தார். பின்னர் மேற்குக் கரையில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்து, இலங்கை அரசர் அளித்த முத்துகள் உள்ளிட்ட அனைத்தையும் பறித்தன. உடுத்த கால்சட்டையே எஞ்சியது.

பொருள் போயிற்று; சாட்சியம் எஞ்சியது. ஆகவே மதுரை சுல்தான்களைப் பற்றிப் பிள்ளைகள் வினவும்போது நாம் தயங்கவேண்டியதில்லை. ஓர் அரசரின் பெயர் முஸ்லிம் பெயராக இருப்பதால் அவர் செய்த அநீதி நம்முடையதாகிவிடாது. அதனை நாம் காத்துப் பேசவேண்டிய கடமையும் இல்லை. தோழர்களை முன்னே அனுப்பியவரையும், மார்க்கம் வினவாமல் படகு செலுத்தி வந்த கரையோர மக்களையும், உண்மையை ஒளிக்காத எழுத்தையும் அவர்களுக்குச் சொல்வோம். அண்டை வீட்டாருடன் நாம் பேணவேண்டிய உறவுக்கும் அதுவே அடிப்படை.

உண்மைக்குச் சாட்சியாளர்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.