53 நாள் உறைந்திருந்த கரு

1978 அக்டோபர் 3. துர்கா பூஜைக் காலத்துக் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ‘துர்கா’ என்றே பத்திரிகைகள் அவளை அழைத்தன. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இல்லாத ஒரு முன்கதை துர்காவுக்கு இருந்தது. எட்டு செல் கருவாக இருந்தபோது 53 நாள் உறைநிலையில் இருந்துவிட்டுத் தாயின் கருப்பைக்குப் போனவள் அவள்.

இதைச் செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. கல்கத்தாவில் ஒன்று, எடின்பரோவில் ஒன்று என இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்ற ஹார்மோன் ஆய்வாளர். சுனித் முகர்ஜியும் மகப்பேறு மருத்துவர் சரோஜ்காந்தி பட்டாச்சார்யாவும் துணை நின்றார்கள்.

உயிருள்ள செல்லை உறையவைப்பதில் பெரிய எதிரி தண்ணீர்தான். அது பனிப்படிகமானால் செல் சிதைந்துவிடும். கிளிசரின் இதைத் தடுக்கும் என்று 1949இல் லண்டன் ஆய்வாளர்கள் சேவலின் விந்தணுக்களைக் கொண்டு காட்டினார்கள். 1972இல் எலிக் கருக்கள் உறைநிலையிலிருந்து மீண்டு குட்டிகளாகப் பிறந்தன. ஆறே ஆண்டுகளில் மனிதக் கருவுக்கு அதே பாதுகாப்புக்காக டைமெத்தில் சல்பாக்ஸைடைப் பயன்படுத்தத் துணிந்தார் முகர்ஜி. அது வெறும் துணிச்சல் அல்ல. நிறைய முட்டைகள் கிடைக்க ஹார்மோன் ஊசி போட்டால் அந்த மாதம் கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும் பக்குவத்தில் இருக்காது. ஆகவே கருவை உறையவைத்துக் காத்திருந்து, பின்னர் வந்த இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில் வைத்தார். இன்று கருத்தரிப்பு மையங்களில் பலருக்கும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அன்றைக்கு இதை யாரும் நம்பவில்லை. இந்திய குளிரியல் ஆய்விதழில் அவர் சுருக்கமான அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தார். மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்கோ இனப்பெருக்க மருத்துவத்தில் அனுபவமே இல்லை. தலைவர் ஒரு வானொலி இயற்பியலாளர். கண்ணாடி ஆம்பூலின் வாயைச் சூடேற்றி மூடும்போது உள்ளே இருக்கும் கரு செத்துப்போகாதா என்றுகூடக் கேட்டார்களாம். கேள்வி கேட்பது தவறில்லை. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய உரிமைகோரலைத் துருவிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பதிலைப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவராவது எதிரே உட்கார்ந்திருக்க வேண்டாமா? 1979இல் ஜப்பானில் தன் ஆய்வைப் பற்றிப் பேச முகர்ஜிக்கு அழைப்பு வந்தது. போக அரசு அனுமதிக்கவில்லை. 1981இல் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இரண்டு ஆண்டு கழித்து மெல்போர்னில் ஆலன் ட்ரவுன்சனும் லிண்டா மோரும் உறைந்த கருவால் உண்டான கர்ப்பத்தை அறிவித்தபோது உலகம் வியந்தது. அதுவும் எட்டு செல் கரு. அவர்கள் பயன்படுத்தியதும் டைமெத்தில் சல்பாக்ஸைடு.

முகர்ஜியின் பெயரை மீட்டவர் டி. சி. ஆனந்த் குமார். 1986இல் மும்பையில் இந்திரா இந்துஜாவோடு சேர்ந்து ‘இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை’யை உருவாக்கியவர் என்ற புகழ் அவருடையது. முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தார். துர்காவின் பெற்றோரிடமும் பேசினார். 1997இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், முதலிடம் தனக்கு உரியதல்ல, முகர்ஜிக்கே உரியது என்று நிறுவினார்.