பயர்பாக்ஸ் நீட்சிகள்: ஒரு மாற்றத்தின் வரலாறு

ஒரு திறந்த மூல மென்பொருளை உருவாக்கும் குழுவைச் சேராத பிறர் எழுதி, அதனுடன் இணைத்துக்கொள்ளும் சிறு நிரலைச் செருகுநிரல் என்றும் நீட்சி என்றும் அழைக்கிறோம். இவற்றை எழுதுவோரில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களது உழைப்புக்கு மூலத் திட்டம் எந்த அளவுக்குக் கடமைப்பட்டது என்ற கேள்வி, மொசில்லாவின் பயர்பாக்ஸ் உலாவியில் 2015இல் பெரிதாக வெடித்தது.

பயர்பாக்ஸின் முதல் பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வெளியானது. அதன் பட்டிகள், பொத்தான்கள், சாளரங்கள் எல்லாம் ஸூல் என்ற குறிமொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதப்பட்டிருந்தன. நீட்சி எழுதுபவரும் அதே கருவிகளைக் கொண்டு உலாவியின் எந்த மூலையையும் மாற்ற முடிந்தது. குடியிருக்க வந்தவருக்குச் சுவரை இடித்துக் கட்டும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்ததைப் போன்ற ஏற்பாடு இது. பலனும் பெரிது. தேவையற்ற நிரல்களைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட், கோப்புகளை மொத்தமாகப் பதிவிறக்கும் டவுன்தெம்ஆல் ஆகியவை இவ்வாறு பிறந்தவையே. 2006இல் ஜோ ஹெவிட் எழுதிய பயர்பக், வலைப்பக்கத்தின் பிழைகளை உலாவிக்குள்ளேயே ஆராய வழி செய்தது. இன்று எல்லா முக்கிய உலாவிகளிலும் அத்தகைய கருவி உடன் வருகிறது.

ஆனால் எல்லை வகுக்கப்படாததால் இரு தரப்பும் சிக்கிக்கொண்டன. உலாவியின் உட்பகுதியில் எதை மாற்றினாலும் ஏதோ ஒரு நீட்சி உடைந்தது. 2011 முதல் சில வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வரத் தொடங்கியதும் இந்தத் தொல்லை பெருகியது. உலாவி முழுவதும் ஒரே செயல்முறையாக இயங்கியது. ஒரு பக்கம் உறைந்தால் அனைத்தும் உறையும். 2008இல் வந்த கூகுள் குரோம் பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளில் இயக்கிக் காட்டியது. பயர்பாக்ஸ் அவ்வழியில் செல்ல முயன்றபோது, பக்கங்களின் உள்ளடக்கத்தை நேரடியாகத் தொட்டுப் பழகிய பழைய நீட்சிகள் குறுக்கே நின்றன. உலாவிக்குள்ள அதிகாரம் முழுவதும் நீட்சிக்கும் இருந்ததால், தீய நோக்கமுள்ள நீட்சி செய்யக்கூடிய கேட்டுக்கும் அளவில்லை.

2015 ஆகஸ்டு 21 அன்று மொசில்லா, பழைய முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அதற்குப் பதிலாக, குரோமின் முறையை ஒத்த வெப்எக்ஸ்டென்ஷன்ஸ் வரும் என்றது. இதில் நீட்சி எதைச் செய்யலாம் என்பதை வரையறுக்கப்பட்ட இடைமுகங்களே தீர்மானிக்கும். நீட்சியாளர்கள் கொதித்தனர். பல ஆண்டுகள் எழுதியதை மறுபடி எழுத வேண்டும். சிலவற்றை எழுதவே வழியில்லை. 2017 நவம்பர் 14 அன்று 57ஆம் பதிப்பு வெளியானதும் பழைய நீட்சிகள் அதில் இயங்காமல் போயின. நோஸ்கிரிப்ட் சில நாள்களில் புதிய வடிவில் வந்தது. டவுன்தெம்ஆல் 2019இல்தான் திரும்பியது. தோற்றத்தைப் பழையபடி மாற்றித் தந்த கிளாசிக் தீம் ரெஸ்டோரர் திரும்பவே இல்லை. பழைய முறையை விரும்பியவர்கள் பேல் மூன் போன்ற கிளைத் திட்டங்களுக்குச் சென்றனர்.

மாற்றம் தேவைதான், என் கருத்தில் அதைத் தவிர்த்திருக்க முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தும், தேவைப்பட்ட புதிய இடைமுகங்கள் பல கடைசிக் கட்டத்தில்தான் தயாராயின. சில தயாராகவே இல்லை. புதிய பாடநூல் அச்சாகி வருமுன் பழையதைத் திரும்பப் பெற்றால் வகுப்பு எப்படி நடக்கும் என்று ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

நீட்சிகள் மொசில்லாவின் மின் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் இதே காலத்தில் வந்தது. பயனரின் பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் 2019 மே மாதத் தொடக்கத்தில் கையொப்பத்துக்கு அடிப்படையான ஒரு சான்றிதழ் காலாவதியானபோது, உலகெங்கும் பயர்பாக்ஸ் பயனர்களின் நீட்சிகள் முடங்கின. நீட்சியாளர்கள் எத்தவறும் செய்யவில்லை. மொசில்லா திருத்தம் அனுப்பும்வரை அவர்களால் செய்யக்கூடியதும் ஒன்றுமில்லை.

மொசில்லா வழியில் வந்த மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டும் 2020இல் இதே கட்டத்தை எட்டியது. அதில் மடல்களை மறையாக்கம் செய்ய எனிக்மெயில் என்ற நீட்சியைப் பலர் நம்பியிருந்தனர். 78ஆம் பதிப்பில் அது இயங்காது என்று தெரிந்ததும், அவ்வசதியைத் தண்டர்பேர்டுக்குள்ளேயே கட்டிவிடத் திட்டக் குழு முடிவு செய்து, 2019 அக்டோபரில் அறிவித்தது. எனிக்மெயிலை எழுதிவந்தவரும் அப்பணிக்கு உதவினார். தண்டர்பேர்டுக்கான எனிக்மெயிலின் கடைசிப் பதிப்புக்கு ஒரே வேலைதான் எஞ்சியது: பயனர்களின் திறவுகோல்களைப் புதிய இடத்துக்கு மாற்றிக் கொடுப்பது.