ஷேடும் ஷாடோவும்

ஆங்கில பாஷையிலுள்ள ஷேட், ஷாடோ என்னும் இரு சொற்களும் பழைய ஆங்கிலத்தின் ஒரே பெயர்ச்சொல்லினின்று கிளைத்தவை. அதன் எழுவாய் வடிவம் முன்னதற்கும், பிற வேற்றுமைகளுக்குரிய வடிவம் பின்னதற்கும் மூலமாயின. வெயில் படாத இடம், விளக்கின் மறைப்பு, ஒரே வர்ணத்தின் சாயல் பேதம், அர்த்தத்தின் நுண்ணிய வேறுபாடு, இறந்தோர் ஆவி ஆகியவற்றை ஷேட் குறிக்க, ஒளியைத் தடுக்கும் பொருளின் உருவத்தையொட்டி விழும் கருவடிவையே ஷாடோ பிரதானமாகச் சுட்டும். அவ்வடிவம் உடலை விட்டு நீங்காமையால், ஒருவரை மறைவாகப் பின்தொடர்தலும், பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மந்திரிகளின் இலாகாக்களை எதிரமர்ந்து கண்காணிக்கும் எதிர்க்கட்சியினரின் ஷாடோ காபினெட்டும் அச்சொல்லின் ஆட்சிக்குள் வந்தன. இவ்விரிவே இவ்விணையின் சரித்திரத்தில் மிகவும் சுவையான பகுதி. புல்வெளியைக் குறிக்கும் மீட், மெடோ என்னும் இணையும் ஒரே பெயர்ச்சொல்லின் இருவகை வேற்றுமை வடிவங்களினின்று இவ்விதமே பிறந்ததாகும்.