ஜெமினிட் விண்கல் மழை: இந்தியாவில் எப்போது, எங்கு தெளிவாகக் காணலாம்?

ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் நிகழும் ஜெமினிட் விண்கல் மழை, 13, 14 ஆகிய தேதிகளையொட்டிய இரவுகளில் உச்சத்தை அடைகிறது. இந்தியா முழுவதிலும் இதனை வெறும் கண்களால் காணலாம், தொலைநோக்கி தேவையில்லை.

காரணம் என்ன?

பெரும்பாலான விண்கல் மழைகள் வால்மீன்களின் துகள்களால் ஏற்படுகின்றன. ஜெமினிட் விண்கற்களோ, 1983-ஆம் ஆண்டில் ஐராஸ் செயற்கைக்கோள் மூலம் கண்டறியப்பட்ட '3200 ஃபைத்தன்' என்ற சிறுகோளிலிருந்து வெளிப்பட்டவை. இத்துகள்கள் விநாடிக்குச் சுமார் 35 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துவிடுகின்றன. எனவே, பார்ப்போருக்கு ஆபத்து இல்லை.

எத்தனை தெரியும்?

மணிக்கு 120 முதல் 150 விண்கற்கள் எனக் குறிப்பிடப்படுவது, நிலவொளியற்ற இருண்ட வானில், அவை புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். நகரங்களில் மின்விளக்கு ஒளியால் பிரகாசமான சில விண்கற்களே புலப்படும்.

உகந்த நேரம்

மிதுன விண்மீன் கூட்டத்தில் காஸ்டர் விண்மீனுக்கு அருகே உள்ள அப்புள்ளி, முன்னிரவில் வடகிழக்கில் உதித்து, அதிகாலை 2 மணியளவில் உச்சத்துக்கு வருகிறது. அப்போது லடாக்கில் ஏறத்தாழ நேர் உச்சியிலும், கன்னியாகுமரியில் சுமார் 65 டிகிரி உயரத்திலும் இருக்கும்.

நிலவும் வானிலையும்

2024-இல் பௌர்ணமியையொட்டி உச்சம் நிகழ்ந்ததால், மங்கலான விண்கற்கள் நிலவொளியில் மறைந்தன. 2026-இல் வளர்பிறை நிலவு நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும் என்பதால் சூழல் சாதகமாக இருக்கும். 2027-இல் டிசம்பர் 13-ஆம் தேதியே பௌர்ணமி.

டிசம்பரில் வட இந்தியச் சமவெளியில் மூடுபனியும், தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை மேகங்களும் தடையாகலாம். சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியல் ஆய்வகம் அமைந்துள்ள லடாக்கின் ஹான்லே பகுதி, நாட்டின் மிக இருண்ட வானங்களில் ஒன்றைக் கொண்டது. எனினும், அங்கு கடுங்குளிர் நிலவும்.

பார்ப்பது எப்படி?

விளக்கொளியற்ற திறந்தவெளியில் படுத்தபடி, வானத்தின் பெரும்பகுதி தெரியுமாறு பார்க்க வேண்டும். இருளுக்குக் கண்கள் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அதுவரை கைப்பேசித் திரையைத் தவிர்ப்பது அவசியம். மிதுனத்திலிருந்து விலகிய திசைகளில் நீண்ட ஒளிக்கீற்றுகள் தென்படும்.

உச்சத்துக்குப் பிறகு எண்ணிக்கை விரைவாகக் குறைந்துவிடும். எனவே, மேகமூட்டத்தால் வாய்ப்பு நழுவாமலிருக்க, ஓரிரு நாள்கள் முன்னதாகவே பார்க்கத் தொடங்குவது நல்லது.