வழுக்கையாற்றுப் பள்ளத்தாக்கும் நம் பழம்பெருமையும்

ஆறில்லாத ஊரைக் குறைத்துச் சொல்லும் முதுமொழி ஒன்று நம் பெரியோர் வாயில் அடிக்கடி வருவதுண்டு. அம்முறையிற் பார்த்தால் கரம்பொன்னும் குறையுடைய ஊரேயாம். தீவகத்தில் ஆறு ஏது? கிணறும் கேணியும் குளமுமே நமக்குள்ள நீர்ச்செல்வம். ஆயினும் நம் தீவின் அராலித்துறையில் நின்று கடலுக்கு அப்பால் நோக்குவோமாயின், எதிரே தோன்றும் அராலிக் கரையில் ஓர் ஆறு கடலொடு கலக்கின்றது. வழுக்கையாறு என்பது அதன் பெயர். வழுக்கியாறு என்பாரும் உளர்.

இவ்வாறு சுமார் 10 மைல் நீளமே உடையது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைத் திரட்டிக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டை வயல்களினூடே வளைந்து அராலியை அடைகின்றது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஓடும். பங்குனி வெயிலில் மாடு மேயும் தரவையாகக் கிடக்கும். மாவலிகங்கையைக் கண்டு வந்தவர்கள் இதனை ஆறென்று சொல்ல நகைப்பர். நகைக்கட்டும். செங்கை ஆழியான் இவ்வாற்றை வைத்தே 'நடந்தாய் வாழி வழுக்கியாறு' என்று ஒரு நாவல் எழுதினார்; அவருக்கு அது ஆறாகத்தான் தோன்றியது.

இனி, இவ்வாற்றங்கரையின் சரித்திரத்தைச் சற்று நோக்குவோம். கந்தரோடை என்னும் பெயரிலேயே ஓடை இருக்கின்றது. அங்கே 1917 முதல் 1919 வரை போல் பீரிஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்தபோது சிறு தூபிகளின் அடித்தளங்களும், இந்தியாவின் பழைய முத்திரை நாணயங்களும், உரோமாபுரி நாணயங்களும், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்களும் வெளிப்பட்டன. 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையார் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலத்து மட்பாண்டங்களை ஒத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. ஆற்றின் கடைப்பகுதிக்கு அணித்தாயுள்ள ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஈமக்குழியை அகழ்ந்து, பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரையொன்றைக் கண்டெடுத்தனர். அதில் 'கோவேத' என வாசிக்கப்பட்டது.

கந்தரோடைத் தூபிகள் யாருடையவை என்று வாதிடுவோர் இருபக்கத்திலும் பலர். தமிழர் நடுவே பௌத்தமும் வாழ்ந்ததென்பது மணிமேகலையைக் கற்றோர்க்குப் புதிதன்று. அவ்வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். உரோம நாணயத்தைக் கையில் வைத்திருந்த அந்த மக்கள் கடற்கரையை விட்டு உள்நாட்டில் ஏன் குடியிருந்தனர் என்று கேட்போர்தாம் அரியர். செம்மண்ணும், அருகே வயலும், மாரியில் நீரோடும் ஓடையும், கோடையில் வற்றாத கிணறும் ஒருங்கே அமைந்த இடம் அது என்பதே நமக்குத் தோன்றும் விடை. நீரைத் தேடிக் குடி வந்தது. குடியைத் தேடிக் கோவிலும் வாணிகமும் வந்தன. மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார் கோவில் உண்டல்லவா? மருதம் நீர்க்கரை மரம். மருதநிலத்து வாழ்வு வேறெங்கோ காவிரிக்கரையில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பெறும் இடத்தை உலகறிய ஆராய்ந்து எழுதிய தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்தது நம் கரம்பொன்னிலேயே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

ஆற்றின் பெரும்பணி கண்ணுக்குப் புலனாகாதது. குடாநாடு சுண்ணக்கல்லாலான தரை; கல்லின் வெடிப்புகளில் இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பர் நீரியலார். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி உவராகும். வழுக்கையாறும் அதனொடு தொடுத்த குளங்களும் மாரி வெள்ளத்தை விரைந்து கடலுக்கு விடாது தேக்கி, நிலத்துக்கு ஊட்டுகின்றன. அராலியில் உவர்நீர் மேலேறாதபடி தடுப்பணை கட்டியதும் இதன்பொருட்டே.

இன்று அந்த ஆற்றுக்கு நேர்ந்துள்ளது என்ன? 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் குடியெழும்ப நேர்ந்தபின், ஆற்றின் தலைப்பக்கம் நெடுங்காலம் பார்ப்பாரின்றிக் கிடந்தது. குளங்கள் தூர்ந்தன, வாய்க்காலில் மதிலும் குப்பையும் ஏறின. கந்தரோடைக்கு அயலிலுள்ள சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தது என்ற வழக்கில், 2019 சித்திரையில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம். கல்லிடுக்கில் இறங்கிய எண்ணெயை யார் எண்ணி எடுப்பது? தூபிகளைச் சுற்றி வேலியிட்டுக் காக்கின்றோம், நன்று. அவற்றை அங்கே தோற்றுவித்த நீருக்கு ஒரு வேலியும் இல்லை.

அக்கரைச் செய்தி இது, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். நம் தீவின் நன்னீரும் உவர்நீர்மேல் மிதப்பதே. அளவோ இன்னும் சிறிது. சங்கத்து இளைஞர் வருகிற மாரியில் கந்தரோடையிலிருந்து அராலி வரை கால்நடையாய்ச் சென்று அந்த ஆற்றைக் கண்டு வருதல் நன்று. அதற்கு முன்னே, புரட்டாதி கழியுமுன், நம்மூர் வெள்ளவாய்க்கால்களையும் கேணிகளையும் துப்புரவு செய்யவேண்டும். பெரியோர்களிடம் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: தூர்ந்துபோன குளங்கள், மோட்டைகள், துரவுகள் இவற்றின் பெயரும் இடமும் உங்கள் நினைவில் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுங்கள், கொப்பியும் பேனையுமாக நாங்கள் வருகிறோம்.